மன்னித்த மாமன்னர்: மார்க்கஸ் அரேலியஸின் வாழ்வும் அறமும்

தசலக்ஷண பருவத்தின் முதல் நாள் உத்தம க்ஷமைக்கு உரியது. பத்து அறங்களுள் பொறை முன்னிறுத்தப்பெற்றமைக்குக் காரணம் உண்டு. சினம் குடிகொண்ட நெஞ்சில் பணிவும் நேர்மையும் வாய்மையும் தங்க இடமில்லை. ஆயினும் ஒருவரிடத்துள்ள பொறையை அளந்தறிதல் எளிதன்று. ஒறுக்கும் ஆற்றல் இல்லாதவன் வாளா இருப்பது பொறையா, இயலாமையா என்பதனை அவனாலேயே துணிந்து சொல்ல இயலாது. ஒறுக்கும் ஆற்றல் முழுவதும் கைவரப் பெற்ற ஒருவர், தம் உயிருக்கும் அரசுக்கும் கேடு சூழ்ந்தவனைப் பொறுக்கும்போதுதான் அவ்வறத்தின் மெய்யுரு வெளிப்படும். அத்தகைய ஒருவர் ஏறத்தாழ 1,850 ஆண்டுகளுக்கு முன்னர் மேலைநாட்டில் வாழ்ந்தார். அவரே உரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ்.

அவர் ஜினதருமத்தைச் சார்ந்தவர் அல்லர். துறவியும் அல்லர். மனைவி மக்களோடு வாழ்ந்து, வழக்குகளைக் கேட்டு, வரி வாங்கி, படை நடத்தி, இவ்வளவுக்கும் இடையே நாள்தோறும் தம் உள்ளத்தைத் தாமே உசாவித் திருந்த முயன்ற இல்லறத்தார் அவர். அம்முறையில் அவர் வரலாறு சாவக நெறியில் நிற்போர் அனைவர்க்கும் பயன் தருவதாகும்.

உரோமர் தமிழர்க்கு முற்றிலும் அயலவரும் அல்லர். முசிறியிலும் அரிக்கமேட்டிலும் அவர்தம் மரக்கலச் சரக்குகள் வந்திறங்கின. கொங்கு நாட்டு மண்ணிலிருந்து உரோமப் பொற்காசுகளும் வெள்ளிக்காசுகளும் குவியல் குவியலாகக் கிடைத்துள்ளன. மிளகும் முத்தும் மணியும் இங்கிருந்து அங்குச் சென்றன. பொருள் சென்று வந்த அவ்வழியில் நூல்கள் வந்துசேரப் பன்னெடுங்காலம் ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டில் மூதறிஞர் இராஜாஜி, மார்க்கஸ் அரேலியஸின் சிந்தனைகளை ‘ஆத்ம சிந்தனை’ என்னும் பெயரில் தமிழர்க்கு அளித்தார். அதன் வாயிலாகவே தமிழ்நாட்டு இல்லங்கள் பலவற்றில் அப்பேரரசரின் பெயர் அறிமுகமாயிற்று.

பிறப்பும் வளர்ப்பும்

கி.பி. 121ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் உரோம் நகரில் மார்க்கஸ் பிறந்தார். மூன்று வயதளவில் தந்தையை இழந்தார். தந்தைவழிப் பாட்டனாரே அவரை வளர்த்தார். அப்பாட்டனார் மும்முறை நாட்டின் உயர் பதவியாகிய கான்சல் பதவியை வகித்தவர். அன்னை தொமித்தியா லூசில்லா பெருஞ்செல்வச் சீமாட்டி. நகரைச் சூழ்ந்த பகுதிகளில் அவருக்குச் செங்கற்சூளைகள் இருந்தன. சூளைத் தொழிலை நன்கறிந்த திருவள்ளூர் மாவட்டத்தார்க்கு இச்செய்தி வியப்பளிக்காது. அவ்வம்மையாரின் பெயர் பொறித்த செங்கற்கள் இன்றும் உரோம் நகரத்துப் பழங்கட்டடங்களில் காணப்படுகின்றன.

செல்வத்தில் பிறந்தும் செல்வர்தம் பழக்கங்களில் தோயாதவராக அன்னை மகனை வளர்த்தார். தீமை செய்யாதிருத்தல் மட்டும் போதாது, தீமையை எண்ணாதிருத்தலும் வேண்டும் என்பதனை அவரிடமே கற்றதாக மார்க்கஸ் பிற்காலத்தில் எழுதினார். மனம், மொழி, மெய் என்னும் மூன்றனாலும் கொல்லாமையைக் காக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தோர்க்கு அவ்வன்னையின் அருமை விளங்கும்.

உரோம் நகரத்து மக்களின் பெரும் பொழுதுபோக்கு தேர்ப்பந்தயம். பச்சை அணி, நீல அணி எனப் பிரிந்து நின்று, தம் அணி தோற்றால் தெருவில் அடித்துக்கொள்ளும் அளவுக்கு மக்கள் வெறி கொண்டிருந்தனர். எந்த அணியின் பக்கமும் சாயாதிருக்கும் பழக்கத்தைச் சிறுவர் மார்க்கஸுக்கு ஊட்டியவர் அவருடைய வளர்ப்பாசான். சோழவரத்து ஓடுதளத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்த காலத்தை நினைவிற்கொண்ட மூத்தோர், பந்தயம் காணும் கூட்டத்தின் நடுவே விருப்பு வெறுப்பின்றி நிற்பது எத்துணைக் கடினம் என்பதனை அறிவர்.

அந்நாளில் உரோமை ஆண்ட பேரரசர் ஹேட்ரியன் சிறுவரின் குணத்தைக் கண்டு மகிழ்ந்தார். குடும்பப் பெயராகிய வேரஸ் என்பதற்கு மெய்யன் என்பது பொருள். அப்பெயரைச் சற்றே மாற்றி, மிகவும் மெய்யன் என்று பொருள்படும்படி அவரை விளையாட்டாக அழைத்து வந்தார். பேரரசர் வாயால் வாய்மைக்குப் பெயர் பெற்றபோது மார்க்கஸ் பள்ளிச்சிறுவராகவே இருந்தார்.

பன்னிரண்டாம் வயதில் மார்க்கஸ் மெய்யியலாரின் முரட்டு ஆடையை அணிந்துகொண்டார். வெறுந்தரையில் உறங்கத் தொடங்கினார். உடல்நலம் கருதி அன்னை மன்றாடிய பின்னரே, தோல் விரித்த கட்டிலுக்கு உடன்பட்டார். விரதம் மேற்கொண்ட பிள்ளையைக் கண்டு பெருமிதமும் கவலையும் ஒருசேரக் கொள்ளும் தாய்மார் எக்காலத்தும் எந்நாட்டும் உளர்.

அடிமையின் நூல், அரசரின் கையில்

மார்க்கஸ் பின்பற்றிய நெறி ஸ்டோயிக் நெறி எனப்படும். கி.மு. 300ஆம் ஆண்டளவில் ஏதென்ஸ் நகரில் சீனோ என்பவர் ஓவியம் தீட்டிய ஒரு தூண் மண்டபத்தில் அமர்ந்து அதனைக் கற்பித்தார். மண்டபத்தின் கிரேக்கப் பெயரே நெறிக்கும் பெயராயிற்று. விவேகம், நீதி, துணிவு, அடக்கம் என்னும் நான்கும் அந்நெறியார் போற்றிய அறங்கள். செல்வம், புகழ், உடல்நலம் ஆகியவை வரினும் போயினும், இவ்வறங்கள் உள்ளவன் நன்கு வாழ்கின்றான் என்பதும், இவை இல்லாதவன் எது பெற்றும் நன்கு வாழவில்லை என்பதும் அவர்தம் துணிபு.

ஆசிரியர் ரஸ்டிகஸ் தம் சொந்த நூற்படி ஒன்றை மார்க்கஸிடம் கொடுத்தார். அது எபிக்டெட்டஸின் உரைகளைத் தாங்கியது. எபிக்டெட்டஸ் அடிமையாக வாழ்ந்தவர், கால் ஊனமுற்றவர், விடுதலை பெற்றபின் ஆசிரியரானவர். நம் வயத்தன எவை, நம் வயத்தன அல்லாதன எவை என்று பிரித்தறிந்து, முன்னவற்றைத் திருத்துவதும் பின்னவற்றை அமைதியுடன் ஏற்பதும் அவர் கற்பித்த பாடம். உலகின் மிகத் தாழ்ந்த நிலையில் இருந்த ஒருவரின் சொற்கள், உலகின் மிக உயர்ந்த இருக்கையில் அமரவிருந்த ஒருவருக்கு வழித்துணையாயின. பிறப்பினால் அன்றிக் குணத்தினாலேயே உயர்வு என்னும் உண்மைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அரண்மனையில் ஒரு பயிற்சிக்காலம்

138ஆம் ஆண்டு, வாரிசற்ற ஹேட்ரியன் அன்டோனினஸ் என்னும் சான்றோரைத் தம் மகனாக ஏற்றார். மார்க்கஸையும், லூசியஸ் என்னும் சிறுவனையும் அன்டோனினஸ் தத்தெடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. இச்செய்தி கேட்டு மார்க்கஸ் மகிழவில்லை. அன்னையின் தோட்டத்து வீட்டைவிட்டு அரண்மனைக்குச் செல்ல நேர்ந்ததற்கு வருந்தினார். அவ்வாண்டே ஹேட்ரியன் மறைந்தார். அன்டோனினஸ் அரியணை ஏறினார்.

அடுத்த இருபத்து மூன்று ஆண்டுகள் மார்க்கஸ் வளர்ப்புத் தந்தையின் அருகிருந்து ஆட்சிமுறை பயின்றார். அன்டோனினஸ் ஆரவாரமற்றவர், பொதுப்பணத்தைச் சிக்கனமாகச் செலவிட்டவர், புகழ்ச்சிக்கு மயங்காதவர். ஒருமுறை மார்க்கஸின் வளர்ப்பாசான் ஒருவர் இறந்தபோது இளவரசர் வாய்விட்டு அழுதார். அரண்மனைப் பணியாளர் அது தகாது என்று தடுத்தனர். அன்டோனினஸ் அவர்களை விலக்கி, இளைஞரை அழவிடுமாறு பணித்தார். அறநெறி அன்பை அழிப்பதன்று என்பதனை மார்க்கஸ் அன்று கண்டார்.

161ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் அன்டோனினஸ் உயிர் நீத்தார். அன்று காவற்படைத் தலைவன் வழக்கம்போல் அடையாளச் சொல் கேட்டு வந்து நின்றான். மனச்சமநிலை என்று பொருள்படும் சொல்லை அளித்துவிட்டு, உறங்குவார்போல் திரும்பிப் படுத்து அன்டோனினஸ் கண்மூடினார். சாமாயிகத்தில் அமரும் சாவகன் நாடுவதும் அச்சமநிலையையே. மார்க்கஸ் பெற்ற உண்மையான மரபுரிமை அரியணை அன்று, அச்சொல்லே எனலாம்.

துன்பங்களின் வரிசை

செனட் அவை அரசுரிமையை மார்க்கஸ் ஒருவருக்கே வழங்க முன்வந்தது. உடன் தத்தெடுக்கப்பெற்ற லூசியஸுக்கும் சம உரிமை அளித்தாலன்றித் தாம் ஏற்பதில்லை என்று மார்க்கஸ் கூறினார். உரோம வரலாற்றில் இரு பேரரசர் ஒருங்கே ஆண்டது அதுவே முதன்முறை. உடன்பிறந்தார் நிலம் பங்கிட நீதிமன்றம் ஏறும் உலகில், ஒரு பேரரசையே பாதியாகப் பகிர்ந்தளித்த செயல் நினைக்கத்தக்கது.

ஆட்சியின் தொடக்கத்திலேயே டைபர் ஆறு பெருகி நகரை மூழ்கடித்தது. பஞ்சம் தொடர்ந்தது. கிழக்கே பார்த்தியரோடு போர் மூண்டது. அப்போரில் வென்று திரும்பிய வீரர்கள் 165ஆம் ஆண்டளவில் கொடிய கொள்ளைநோய் ஒன்றைத் தம்முடன் கொணர்ந்தனர். மருத்துவப் பேரறிஞர் கேலன் அதனை நேரில் கண்டு குறித்துள்ளார். நகரங்களும் பாசறைகளும் ஆளின்றி வெறிச்சோடின. அந்நிலையில் வடக்கே டான்யூப் ஆற்றைக் கடந்து ஜெர்மானிய இனத்தார் இத்தாலிக்குள்ளேயே புகுந்தனர். 169ஆம் ஆண்டு லூசியஸ் மறைந்தார். அதன்பின் முழுச்சுமையும் மார்க்கஸின் தோளில் வீழ்ந்தது.

குடும்பத்திலும் துன்பம் ஓயவில்லை. 145ஆம் ஆண்டு அவர் அன்டோனினஸின் மகள் ஃபாஸ்டினாவை மணந்தார். அவர்களுக்குப் பதின்மருக்கும் மேற்பட்ட மக்கள் பிறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் குழவிப் பருவத்திலும் சிறுவயதிலும் இறந்தனர். ஆண்மக்களுள் எஞ்சியவர் கொமோடஸ் ஒருவரே. ஏழு வயது மகன் ஒருவன் காதின்கீழ்த் தோன்றிய கட்டியை அறுத்தபோது இறந்தான். ஐந்து நாட்களே துயர் காத்துவிட்டு, பொதுவிழாக்களை நிறுத்த வேண்டா என்று கூறி மார்க்கஸ் அலுவலுக்குத் திரும்பினார். நிலையாமையை அவர் ஏட்டில் மட்டும் படித்தறிந்தவர் அல்லர்.

அரண்மனைப் பொருள் ஏலம் போன கதை

வடபுலப் போருக்குப் பணம் தேவைப்பட்டது. நோயினாலும் பஞ்சத்தினாலும் நொந்திருந்த மாநிலத்து மக்கள்மீது புது வரி விதிக்க மார்க்கஸுக்கு மனம் வரவில்லை. அவர் செய்தது அரசர் எளிதில் செய்யாதது. டிராஜன் பெயரால் அமைந்த நகரச் சதுக்கத்தில் அரண்மனைப் பொருள்களை ஏலத்திற்கு வைத்தார். பொற்கிண்ணங்கள், பளிங்குக் கலங்கள், அணிகலன்கள், பேரரசியின் பட்டும் பொன்னிழையும் கலந்த ஆடைகள் ஆகியன எல்லாம் விற்கப்பட்டன. ஏலம் இரண்டு மாதங்கள் நடைபெற்றது.

போர் முடிந்த பின்னர், விரும்புவோர் பொருளைத் திருப்பித் தந்து கொடுத்த விலையைப் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்தார். திருப்பித் தந்தவர்க்குப் பணம் கொடுக்கப்பட்டது. தர மறுத்தவரை அவர் வற்புறுத்தவில்லை. பொருளை அளவிட்டுக்கொள்ளும் விரதத்தைச் சாவகர்க்கு விதித்த முன்னோர், பொருளின்மீது கொண்ட பற்றே கட்டு என்று வகுத்தனர். இருந்ததை விற்றபோதும் வருந்தாது, விற்றது திரும்பாதபோதும் வெகுளாதிருந்த அவ்வரசரிடம் அப்பற்று மெலிந்திருந்தது எனத் தெளியலாம்.

நீதி வழங்கலில் அவர் காட்டிய பொறுமையும் குறிப்பிடத்தக்கது. வழக்குகள் தேங்காதிருக்க நீதிமன்ற நாட்களை ஆண்டுக்கு 230 ஆக்கினார். ஒரே வழக்கைப் பதினொரு, பன்னிரண்டு நாட்கள், சிலபோது இரவிலும் அமர்ந்து கேட்டார். தந்தையற்ற பிள்ளைகளின் காப்பாளரைக் கண்காணிக்கத் தனி அலுவலர் ஒருவரை ஏற்படுத்தினார். தாமே தந்தையின்றி வளர்ந்தவர் ஆதலின் அக்குறையை அறிந்திருந்தார். கயிற்றின்மேல் நடக்கும் கூத்தாடிச் சிறுவன் ஒருவன் விழுந்தான் என்று கேட்டபின், கீழே மெத்தை விரித்தாலன்றி அவ்வாட்டம் நடத்தலாகாது என்று ஆணையிட்டார். வாட்போர் விளையாட்டில் மனிதர் மனிதரைக் கொல்வதை மக்கள் ஆர்ப்பரித்துக் கண்ட காலத்தில், தம் முன்னிலையில் போரிடுவோர்க்கு மழுங்கிய வாள்களே தரச்செய்தார். மனிதரைத் தின்னப் பழக்கிய சிங்கம் ஒன்றை அரங்கில் காட்டி, பழக்கிய அடிமைக்கு விடுதலை அளிக்குமாறு கூட்டம் கூவியபோது, விடுதலைக்குரிய செயல் எதனையும் அவன் செய்யவில்லை என மறுத்துவிட்டார்.

பாசறையில் எழுந்த பன்னிரு பகுதி

வாழ்வின் இறுதிப் பத்தாண்டுகளில் பெரும்பகுதியை மார்க்கஸ் டான்யூப் கரையின் குளிரிலும் சேற்றிலும் கழித்தார். அவர் மெலிந்த உடலினர்; மார்பிலும் வயிற்றிலும் நோயுடையவர். பகலில் படைத்தலைவர்களோடு ஆராய்ச்சி, தூதுவர் வரவு, வழக்கு விசாரணை ஆகியவை இருந்தன. அவற்றுக்கிடையே தமக்குத் தாமே கிரேக்க மொழியில் சில குறிப்புகளை எழுதிவந்தார். அவற்றுள் ஒரு பகுதி கார்நுண்டம் என்னும் பாசறையில் எழுதப்பட்டது என்பது அந்நூலிலேயே குறிக்கப்பட்டுள்ளது. வெளியிடும் நோக்கம் அவருக்கு இல்லை. நூலுக்குப் பெயரும் அவர் இடவில்லை. 1559ஆம் ஆண்டு சூரிச் நகரில் அது முதன்முதலாக அச்சேறியது.

நூலின் முதற்பகுதி ஒரு நன்றிப் பட்டியல். பாட்டனாரிடம் சினமின்மை, அன்னையிடம் எளிமை, ஆசிரியர்களிடம் இன்னின்ன பண்பு எனத் தாம் பெற்றவற்றை ஒவ்வொருவர் பெயராலும் எழுதி வைத்தார். பேரரசர் ஒருவர் தம் வெற்றிகளைக் கல்லில் பொறிக்காமல், தாம் பட்ட நன்றிக்கடன்களை ஏட்டில் பொறித்தது அரிய செயல்.

ஏனைய பகுதிகளில் அவர் திரும்பத் திரும்ப எண்ணியவை சிலவே. எல்லாம் மாறும், புகழ் மறையும், புகழ்ந்தவரும் மறைவர். தாம் அணியும் அரச ஆடை ஆட்டு மயிரும் கடல்வாழ் உயிரின் குருதிச் சாயமுமே என்று தமக்கு நினைவூட்டிக்கொண்டார். காலையில் எழும்போதே, இன்று நன்றி கெட்டவரையும் பொறாமையுடையவரையும் காண நேரும் என்றும், அவர்கள் அறியாமையால் அவ்வாறு ஆயினர் என்றும், அவர்களை வெறுத்தல் தமக்குத் தகாது என்றும் எண்ணிப் புறப்பட்டார்.

அந்நூல் பன்னிரு பகுதிகளாக அமைந்திருப்பதும், ஜைனர் சிந்திக்கும் அனுப்பிரேட்சைகள் பன்னிரண்டாக இருப்பதும் தற்செயல் ஒற்றுமையே. ஆனால் பொருளொற்றுமை தற்செயல் அன்று. அநித்தியம், அசரணம், ஏகத்துவம், அசுசித்துவம் என்னும் சிந்தனைகளைக் கற்ற எவரும், அப்பாசறைக் குறிப்புகளில் பழகிய முகங்களைக் காண்பர். உண்மையாக உள்நோக்கிய உள்ளம் எந்நாட்டில் இருப்பினும் அருகருகே உள்ள வாயில்களையே சென்று தட்டுகிறது.

வேறுபாடும் மறைக்கத்தக்கதன்று. உலகனைத்தையும் ஊடுருவி நடத்தும் பேரறிவு ஒன்று உண்டென்பது ஸ்டோயிக் கொள்கை. உலகைப் படைத்து நடத்துவார் ஒருவர் இல்லை, உயிர் தன் வினைக்குத் தானே பொறுப்பு என்பது ஜினநெறி. உடலை நீங்கிய உயிரின் நிலைபற்றி மார்க்கஸ் ஒருமுடிவுக்கு வரவில்லை. ஜினநெறியோ உயிர் அழிவற்றது, கட்டறுத்து வீடெய்தவல்லது என்று தெளிந்து கூறுகிறது.

காசியஸின் கிளர்ச்சி

175ஆம் ஆண்டு வந்தது. சிரியா நாட்டின் ஆளுநர் அவிடியஸ் காசியஸ் பார்த்தியப் போரில் புகழ் ஈட்டிய படைத்தலைவர். கிழக்கு மாநிலங்களின் மீது பெரும் அதிகாரத்தை அவருக்கு அளித்தவரே மார்க்கஸ்தான். பேரரசர் இறந்தார் என்ற பொய்ச்செய்தி பரவியபோது, காசியஸ் தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். செய்தி பொய் என்று தெரிந்த பின்னும் பின்வாங்கவில்லை. உரோமுக்குத் தானியம் வழங்கும் எகிப்தும் அவர் பக்கம் சேர்ந்தது. பேரரசி ஃபாஸ்டினாவுக்கும் இதில் பங்குண்டு என்ற பேச்சும் எழுந்தது.

மார்க்கஸ் வடபுலப் போரை முடித்துக்கொண்டு கிழக்கு நோக்கிப் புறப்பட ஆயத்தமானார். தம் வீரர்களைக் கூட்டிப் பேசினார். அப்பேச்சில் வசை இல்லை. தமக்கு உள்ள அச்சம் ஒன்றே என்று கூறினார். காசியஸ் தம்மைத்தாமே மாய்த்துக்கொள்ளவோ, பிறர் அவரைக் கொன்றுவிடவோ கூடும் என்பதும், அவ்வாறு நேர்ந்தால் பகைவனை மன்னிக்கும் பேறு தம்மைவிட்டுப் போய்விடும் என்பதுமே அவ்வச்சம்.

அவர் அஞ்சியதே நடந்தது. மூன்று திங்களும் ஆறு நாளும் பேரரசர் எனப் பெயர் தாங்கிய காசியஸை அவருடைய சொந்தப் படையினரே கொன்றனர். தலையை வெட்டி மார்க்கஸிடம் கொண்டுவந்தனர். பரிசு பெறலாம் என்று எண்ணி வந்தவர்களுக்கு முகங்கொடுக்க அவர் மறுத்தார். தலையைக் காணாமலே அடக்கம் செய்யுமாறு பணித்தார். காசியஸின் கடிதப்பெட்டியில் சதியில் உடன்பட்டவர் பெயரெல்லாம் இருந்தன. அக்கடிதங்கள் படிக்கப்படாமலே எரியூட்டப்பட்டன. செனட் உறுப்பினர் ஒருவரும் தம் ஆட்சியில் இதன்பொருட்டுக் கொல்லப்படலாகாது என்று மார்க்கஸ் அவைக்கு எழுதினார். காசியஸின் குடும்பத்தார்க்கும் தீங்கு நேராமல் காத்தார்.

கடிதங்களைப் படித்துவிட்டு மன்னிப்பது ஒரு நிலை. படிக்காமலே எரிப்பது அதனினும் உயர்ந்த நிலை. படித்தவன் பெயர்களை மறப்பதில்லை. மன்னித்தேன் என்று வாய் சொன்னாலும், மன்னிக்கப்பட்டவரைக் காணுந்தொறும் அவன் நெஞ்சில் ஏதோ ஒன்று கனன்று கொண்டேயிருக்கும். அறியும் வாய்ப்பையே அகற்றியதனால், பிறரை அச்சத்திலிருந்தும் தம்மை வெறுப்பிலிருந்தும் மார்க்கஸ் ஒருசேர விடுவித்தார்.

கிழக்குப் பயணத்தில் ஃபாஸ்டினா நோயுற்று இறந்தார். ஊரார் பேச்சு எதுவாயினும், மனைவியைப் பற்றி மார்க்கஸ் தம் நூலில் அன்பும் நன்றியுமே எழுதி வைத்தார். திரும்பும் வழியில், 176ஆம் ஆண்டு, ஏதென்ஸ் நகரை அடைந்து அங்கு மெய்யியல் ஆசிரியர் இருக்கைகளை நிறுவினார். தாம் ஸ்டோயிக் நெறியினராக இருந்தும், பிளேட்டோ, அரிஸ்டாட்டில், எபிகூரஸ் ஆகியோரின் நெறிகளுக்கும் ஒப்ப இடமளித்து, நான்கிற்கும் அரசு ஊதியம் வழங்கினார். உண்மைக்குப் பல பக்கங்கள் உண்டு என்னும் அநேகாந்த நோக்கினர் இச்செயலை மனமுவந்து பாராட்டுவர். 178ஆம் ஆண்டு, மக்கள் அரசுக்குச் செலுத்த வேண்டிய 46 ஆண்டு நிலுவைகளைத் தள்ளுபடி செய்து, கடன் ஏடுகளைப் பொதுச்சதுக்கத்தில் எரிக்கச் செய்தார்.

நிறைவின் நடுவே குறைகள்

அறவோர் வரலாற்றை எழுதுவோர் குறைகளை மறைத்தல் வாய்மைக்கு மாறு. மார்க்கஸ் ஆண்ட காலத்தில், 177ஆம் ஆண்டு, இன்றைய பிரான்சு நாட்டின் லியோன் நகரில் கிறித்தவர் பலர் தம் சமயத்தைக் கைவிட மறுத்தமைக்காகக் கொடுமையாகக் கொல்லப்பட்டனர். அதனை அவர் தடுத்தாரல்லர். அவர் நடத்திய போர்களில் எண்ணற்ற உயிர்கள் மாய்ந்தன. அடிமை முறையை அவர் மென்மையாக்கினாரேயன்றி ஒழிக்கவில்லை.

ஜைன ஆசிரியர்கள் இல்லறத்தாரின் ஹிம்சையை நான்காகப் பகுத்தனர். வேண்டுமென்றே கருதிச் செய்வது, இல்லக் கடமைகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என்பன அவை. முதலாவது முற்றிலும் விலக்கத்தக்கது. ஏனைய மூன்றும் இயன்ற அளவு குறைக்கத்தக்கன. நாட்டெல்லையைக் காக்க மார்க்கஸ் செய்த போரின் ஒருபகுதி தற்காப்பில் அடங்கும். லியோன் நகரத்து மரணங்களுக்கு அவ்விலக்கணம் பொருந்தாது. அறத்தை நாள்தோறும் எண்ணியவருக்கும் காலத்தின் திரை சிலவற்றை மறைத்தது. அத்திரை எல்லாக் காலத்தார் கண்முன்னும் உண்டு என்பதே இதனால் பெறும் எச்சரிக்கை.

மற்றொரு குறை மகன் கொமோடஸ். அவருக்கு முன்னிருந்த பேரரசர் நால்வர் தகுதியுடையாரைத் தேர்ந்து தத்தெடுத்து அரசளித்தனர். மார்க்கஸ் பெற்ற மகனுக்கே அரசளித்தார். சிறந்த ஆசிரியர்களை அமர்த்தியும் அம்மகன் திருந்தவில்லை. அரியணை ஏறியபின் அவன் அரங்கில் இறங்கி வாட்போர் ஆடினான். தந்தை காத்த காசியஸின் குடும்பத்தாரைக் கொல்வித்தான். 192ஆம் ஆண்டின் இறுதி நாளில் தன் வீட்டாராலேயே கொல்லப்பட்டான். வினை அவரவர்க்குரியது, தந்தை செய்த நல்வினை மகனுக்குக் கைமாறாது. ஏகத்துவ சிந்தனையின் இக்கடுமையான உண்மையைப் பெற்றோர் ஒவ்வொருவரும் நினைத்தல் வேண்டும். நன்னெறியைக் காட்டுதல் பெற்றோர் கடமை. அதில் நடத்தல் பிள்ளையின் முயற்சி.

மறைவு

180ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், டான்யூப் பகுதியின் பாசறையில், ஐம்பத்தெட்டாம் வயதில் மார்க்கஸ் உயிர் துறந்தார். இறுதி நாட்களில் உணவையும் நீரையும் மறுத்தார் என்று பழைய வரலாறு கூறுகிறது. நோய் தொற்றும் என்று அஞ்சி, மகனை விரைவில் அனுப்பிவிட்டார். அழுத நண்பர்களை நோக்கி, தமக்காக அழுவதை விட்டு, நோயினால் மடியும் மக்களைப் பற்றி எண்ணுமாறு கேட்டுக்கொண்டார்.

உண்ணாது உயிர்நீத்தமை பற்றி இதனைச் சல்லேகனை என்று கூறிவிடலாகாது. வாழ ஆசைப்படுதல் போன்றே, விரைந்து இறக்க ஆசைப்படுதலும் சல்லேகனையின் அதிசாரங்களுள் ஒன்றாகும். குருவின் முன்னிலையில் விரதம் ஏற்று, பற்றும் பகையும் நீக்கி, உடலையும் கஷாயங்களையும் ஒருசேர மெலிவிப்பதே சல்லேகனை. ஆயினும் அஞ்சாமலும் புலம்பாமலும் மரணத்தை எதிர்கொண்ட பெருமை மார்க்கஸுக்கு உரியது.

உரோம் நகரில் குதிரைமேல் அமர்ந்த அவருடைய வெண்கலச் சிலை இன்றும் உள்ளது. பிற பேரரசர்களின் வெண்கலச் சிலைகள் பிற்காலத்தில் உருக்கப்பட்டன. இச்சிலையைக் கிறித்தவப் பேரரசர் கான்ஸ்டன்டைனுடையது என்று தவறாகக் கருதியதனால் விட்டுவைத்தனர். தம் பெயராலன்றிப் பிறர் பெயரால் அவர் சிலை பிழைத்தது. புகழ் நிலையாது என்று அவர் எழுதியதற்கு வரலாறே எழுதிய உரைபோலும் இது.

சிலையைவிட அவர் விட்டுச்சென்ற பழக்கம் பெரியது. தம் உள்ளத்தைத் தாமே உசாவிய பழக்கம் அது. பேரரசின் பாசறைக்கு இடையே அவருக்கு அதற்கு நேரம் கிடைத்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் இரவுப்பணி முடித்துத் திரும்பும் இளைஞருக்கும், சோழவரத்தில் கடையடைத்து வீடு சேரும் வணிகருக்கும், அடுக்களை விளக்கணைத்து அமரும் இல்லத்தரசியாருக்கும் பத்து நிமிடங்கள் கிடைக்காமற் போகா. அதனையே ஆலோசனை என்றும் பிரதிக்கிரமணம் என்றும் முன்னோர் பெயரிட்டு வழிவழியாகத் தந்துள்ளனர்.

பருவத்தின் நிறைவில் ஒருவரையொருவர் கைகூப்பி மன்னிப்பு வேண்டும்போது, ஒவ்வொருவர் நெஞ்சிலும் காசியஸின் கடிதப்பெட்டி போன்ற ஒன்று இருத்தல் கூடும். யார் என்ன சொன்னார், எந்தத் திருமணத்தில் யார் மதிக்கவில்லை, எந்தப் பாகப்பிரிவினையில் யார் ஏமாற்றினார் என்னும் ஏடுகள் அதனுள் அடுக்கப்பட்டிருக்கும். அதனைத் திறவாமலே எரித்துவிட்டுக் கைகூப்புதலே உத்தம க்ஷமை ஆகும்.